பாலத்துக்கு ஓர் அங்குலம்

உக்குவளை
11 பெப்ரவரி 2024

ஜெஸ்டின் அவர்களுக்கு,

சண்டை நடந்துகொண்டிருக்கும்போது மேசையை விட்டு எழுந்து போனது தவறு. அதுவும் உங்கள் முறை வந்த நேரத்தில், வாசலில் உங்கள் மகள் டயனாவின் வேன் ஹோன் அடித்ததும், "வர்றேன் அத்தான்" என்ற ஒரே சொல்லோடு, மேசையில் இருந்த ஒரே தாயக்கட்டையையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனது பெரிய தவறு. சுகம் விசாரிப்பதுதான் முதலில் வர வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இப்போது விசாரிக்கிறேன். சுகமா? ஆண்டவர் தயவில் நானும் ஷியாமளாவும் சுகம்.

மாத்தளை பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவன் நான். சொல்லாமல் புறப்பட்ட எந்த பஸ்ஸையும் மன்னித்ததில்லை. மச்சான் என்பதற்காகச் சட்டம் மாறாது.

பிறகு மறுக்கக் கூடாது என்பதற்காக நிலைமையை எழுதிவைக்கிறேன். முன்னறையில், உங்கள் அக்கா மதலேனா உயிரோடு இருந்தவரை துணி வெட்டிய பெரிய மேசையில், ஆற்றுக்கு வடக்கே என் படை, தெற்கே உங்கள் படை. நடுவில் ஒரே பாலம். அதைப் பிடிப்பவருக்கே வெற்றி. உங்கள் மூன்று யானைகளும் பாலத்தைப் பார்த்து நிற்கின்றன. ஆறாவது சுற்று. உங்கள் முறை.

அன்றைக்கே உங்களுக்குக் கவனம் இல்லை. பின்னேரம் முழுவதும் நாற்காலியை விட்டு எழவில்லை. உங்கள் படையை நகர்த்துவதற்கும் என்னையே அளக்கச் சொன்னீர்கள். எதிரியின் குதிரைகளுக்கு நான் வழி அளந்து கொடுத்தேன். உலகத்தில் எந்தத் தளபதிக்கும் இந்த நிலை வந்திருக்காது.

"மாமா போயிட்டாருப்பா. நீங்களே ஜெயிச்சதா வச்சுக்கிட்டு மேசைய ஒதுக்குங்களேன்" என்கிறாள் ஷியாமளா. அவள் கச்சேரியில் அரசாங்கக் கோப்பு பார்க்கிறவள். போர் தெரியாது. எழுந்து போனவனை வென்றேன் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஒரு வீரனையும் தொடவில்லை. தூரிகையால் தூசி மட்டும் தட்டுகிறேன்.

பாஸ்காத் திருநாளுக்கு முன் வந்து உங்கள் முறையை ஆடவும்.

இப்படிக்கு,
கிறிஸ்தோபர்


நீர்கொழும்பு
25 பெப்ரவரி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை. இவ்வளவு கோபப்பட நல்ல ஆரோக்கியம் வேண்டும்.

"நீங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து "நீ" தவிர வேறொன்றும் உங்கள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. டயனாவிடம் காட்டினேன். "மாமா ஒங்களுக்கு மரியாதை குடுத்திருக்காரே! அவ்வளவு கோவமா?" என்று கேட்டாள்.

தாயக்கட்டை என்னிடம்தான் இருக்கிறது. சட்டையோடு சேர்ந்து ஒருமுறை மெஷினில் சுற்றி வந்தது. புள்ளிகள் அழியவில்லை.

முழங்காலில் கொஞ்சம் பிடிப்பு, வேறொன்றுமில்லை. இங்கே ஒரு டாக்டரிடம் காட்டுகிறார்கள். பாஸ்காவுக்கு வருவது சரிவராது. டயனா போனில் முகம் பார்த்துப் பேசி ஆடலாம் என்கிறாள். நீங்கள் சம்மதிக்க மாட்டீர்கள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு யோசனை. இந்த வீட்டின் பின் விறாந்தையில் பழைய கதவு ஒன்று கிடக்கிறது. இரண்டு பீப்பாய்களின் மேல் அதைத் தூக்கி வைத்தால் மேசை. நீங்கள் அங்கே, நான் இங்கே. நகர்வுகளைக் கடிதத்தில் எழுதலாம். வீரர்கள்தான் என்னிடம் இல்லை. இப்போதைக்குச் சோடாப் போத்தல் மூடிகளை வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். மூடிகள் நல்ல ஒழுக்கம் உள்ள படை. ஒன்றும் பின்வாங்குவதில்லை.

ஷியாமளாவுக்கு என் ஆசீர்.

அன்புடன்,
ஜெஸ்டின்


உக்குவளை
10 மார்ச் 2024

ஜெஸ்டினுக்கு,

உன் முழங்கால் சுகப்பட உக்குவளைக் கோயிலில் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். நான் சுகம்.

போனில் ஆட முடியாது. வாயால் சொன்னதை வாயாலேயே மாற்றலாம். கடிதத்தில் எழுதியது எழுதியதுதான். ஆகவே உன் யோசனையை ஏற்கிறேன், பின்வரும் நிபந்தனைகளோடு.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த விளையாட்டின் ஆங்கில விதிப் புத்தகத்தைத் தமிழாக்கினேன். அந்தத் தமிழே விதி. யாராவது ஆங்கிலத்தில் வேறுவிதமாக இருக்கிறது என்றால், புத்தகம் பிழை.

புதிய வீரர்களைச் சேர்க்கலாம். ஆனால் மதலேனா வைத்த சட்டம் மாறாது. மெல்பேர்னுக்குப் போனபோது என் மகன் ஷெல்டன் விட்டுப்போன பொம்மைப் படைப் பெட்டியை நாம் முதன்முதலாகத் திறந்த அன்று அவள் சொன்னது உனக்கும் கேட்டது. "வயசான காலத்துல பொம்மை வச்சு விளையாடுங்க, யாரு வேணாங்குறா. துவக்கு மட்டும் இந்த வீட்டுக்குள்ள வேணாம். பாத்தது போதும்." அன்று நாம் இருவரும் உட்கார்ந்து வீரர்களின் கையிலிருந்த அத்தனை துப்பாக்கியையும் வெட்டி ஈட்டியாக்கினோம். இனியும் ஈட்டி, வில், குதிரை, யானை. அவ்வளவுதான்.

கடைசி நிபந்தனை முக்கியமானது. யானை பாலத்தில் கால் வைத்தால் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் பாலம் உடையும். அந்த உருட்டல் கடிதத்தில் செல்லாது. இந்த மேசையில், என் கண் முன்னால், உன் கையால் உருட்ட வேண்டும். நீ கொண்டுபோன அதே தாயக்கட்டையால்.

உன் மேசைக்கு வேண்டியவை நளீமின் வேனில் வருகின்றன. எதிர்க் கடை நளீம் கருவாடு வாங்க மாதம் ஒருமுறை நீர்கொழும்புக்கு வருவது உனக்குத் தெரியும். மதலேனா சட்டைக்கு மாதிரி வெட்டிய பழுப்புத் தாள்களை ஒட்டி, மேசையின் மேல் விரித்து, ஆறு, பாலம், மலை, ஒவ்வொரு வீரனும் நிற்கும் இடம் எல்லாவற்றையும் அதே அளவில் பிரதி எடுத்திருக்கிறேன். தாளைக் கதவின் மேல் விரித்து, அதன்படி வைத்தால் போதும். மலைகள் வெள்ளை ரெஜிஃபோம் நுரைப்பலகையில் வெட்டியவை. மேலே பசை பூசிக் காய்ந்த தேயிலைச் சக்கையைத் தூவியிருக்கிறேன். ஷியாமளாவும் நானும் இந்த மாதம் குடித்த தேத்தண்ணிக்குக் கணக்கே இல்லை. மரங்களுக்குக் கராம்புக் காம்பு. பாலத்துக்குக் கறுவாப் பட்டை. என் மேசையில் உள்ள பாலமும் உன் பாலமும் ஒரே பட்டையிலிருந்து வெட்டியவை.

உன் படையின் வீரர்களையும் கட்டி அனுப்பியிருக்கிறேன். இங்கே அவர்களின் இடத்தில் புளியங்கொட்டை நிற்கிறது. மூன்று யானைகளை மட்டும் அனுப்பவில்லை. அவை பாலத்தைப் பார்த்தபடி இங்கேயே நிற்கட்டும்.

எப்போது வருவாய் என்று நீ எழுதவில்லை. எழுதவும்.

கிறிஸ்தோபர்


நீர்கொழும்பு
7 ஏப்ரல் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். நாங்கள் சுகம். பார்சல் வந்த அன்று இந்த வீட்டில் இரண்டாவது பாஸ்கா.

மலைகளை வெளியே எடுத்ததும் விறாந்தை முழுவதும் கறுவாவும் கராம்பும் மணத்தன. பக்கத்து வீட்டு மீனவர்கள் மூன்று பேர் மணத்தைத் தேடி வந்து, கதவைச் சுற்றி நின்று, இன்னும் போகவில்லை. பின்னேரமானால் வந்துவிடுகிறார்கள். ஆற்றைப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "வள்ளம் எங்க ஐயா?" ஆறு இருந்து வள்ளம் இல்லாவிட்டால் அது ஆறே இல்லையாம். ஆகவே நான்கு வள்ளங்கள் செய்திருக்கிறேன். உடல் மரத்துண்டு, பாய் டயனாவின் பழைய தாவணி. முதல் வள்ளத்தைப் பார்த்து, "இது மிதக்காது" என்றார்கள். மேசை ஆற்றில் எதற்கு மிதக்க வேண்டும் என்றேன். கேட்கவில்லை. வாளியில் போட்டார்கள். மிதக்கவில்லை. திரும்பச் செய்தேன். உங்களுக்கும் ஒரு ஜோடி நளீமிடம் கொடுத்தனுப்பினேன்.

கம்பியை முறுக்கி, அதன் மேல் எபொக்ஸி களியை அப்பி, யானைகளும் செய்கிறேன். மூன்று முடிந்தது. ஒன்றுக்குத் தும்பிக்கை கொஞ்சம் கூடிவிட்டது. அதைப் படையின் மூத்த யானை என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது என் முறை. யானைகள் மூன்றும் பாலத்தை நோக்கி எட்டு அங்குலம் நடக்கின்றன. அளந்தேன். முன்யானையின் கால் பாலத்தின் முதல் பலகையில். கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஜெஸ்டின்


உக்குவளை
21 ஏப்ரல் 2024

ஜெஸ்டினுக்கு,

சுகம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். யானை பாலத்தில் இல்லை.

உன் கடிதம் வந்த அன்றே எட்டு அங்குலம் நகர்த்தினேன். பாலத்துக்கும் யானைக்கும் இடையே ஒரு பெருவிரல் அகலம் வெறும் நிலம் கிடக்கிறது. ஷியாமளா ஒரு முனையைப் பிடிக்க மறுபடி அளந்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை அளந்தேன். மதலேனாவின் அளவு நாடா அது. உக்குவளைப் பள்ளிக்கூடங்களின் பாதிச் சீருடைகள் அந்த நாடாவால் அளந்தவை. ஒரு பிள்ளையும் கால்சட்டை குட்டை என்று திரும்பி வந்ததில்லை. ஆகவே நீ ஓர் அங்குலம் கூடுதலாக நடந்திருக்கிறாய். மேசையை விட்டுப் போனது முதல் தவறு. இது இரண்டாவது.

வள்ளங்களை ஏற்கிறேன். விதியில் இல்லைதான், ஆனால் வேலைப்பாடு நன்றாக இருக்கிறது. நளீம் அவற்றைக் கருவாட்டு மூடைக்குள் பத்திரப்படுத்திக் கொண்டுவந்தான். எங்கள் பூனை அதில் ஒன்றைக் கவ்விக்கொண்டு கூரைக்கு ஏறிவிட்டது. ஆகவே உன் கடற்படை எனக்கு அனுப்பிய இரண்டில் ஒன்று, போர் தொடங்கும் முன்பே பூனையால் கைப்பற்றப்பட்டது.

உன் வள்ளங்களுக்குப் பதிலடியாக என் ஆற்றில் முதலைகள் வந்துவிட்டன. ஐந்து. ஏலக்காய்த் தோலில் செய்தேன். முதுகு இயற்கையாகவே அமைந்துவிட்டது. ஈட்டிப் படைக்கும் புதிதாக ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் சிவப்புத் தலைப்பாகை. ஷியாமளா நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸ் நல்ல பளபளப்பாக வருகிறது. "அப்பா, கல்யாண வீட்டுக்குப் போகணும், என் கியூடெக்ஸ் எங்க?" என்று சத்தம் போட்டாள். ஒரு படைக்கு ஒரே நிறத்தில் தலைப்பாகை வேண்டுமா, அவளுக்குப் பத்து நகம் வேண்டுமா என்று கேட்டேன்.

யானையைச் சரியான இடத்துக்குப் பின்னுக்கு நகர்த்தவும். வரும் தேதியையும் எழுதவும்.

கிறிஸ்தோபர்


நீர்கொழும்பு
12 மே 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருக்கிறேன். அங்கே மழை என்று கேள்விப்பட்டேன். கூரை ஒழுகினால் முதலில் மேசையை மூடுங்கள்.

முதலைகளைப் பற்றி மீனவர்களிடம் சொன்னேன். அவர்களில் ஒருவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, வள்ளத்துக்குச் சுற்றிலும் கராம்பு முள் கட்டச் சொன்னார். கட்டிவிட்டேன்.

யானை விஷயம். டயனாவின் புது நாடாவால் நானும் அளந்தேன். தொடுகிறது அத்தான். தொடுவது மட்டுமில்லை, நகம் பலகையின் மேல் ஏறி நிற்கிறது. மீனவர்கள் மூன்று பேரும் சாட்சி. ஒருவேளை மாத்தளைக் குளிருக்கு உங்கள் யானை சுருங்கியிருக்கும். கொஞ்சம் வெயிலில் வைத்துப் பாருங்கள்.

உக்குவளையில் பூட்டிக் கிடக்கும் என் வீட்டு ரம்புட்டான் இப்போது பழுத்திருக்கும். நீங்களே ஆள் விட்டுப் பறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷமும் அப்படியே செய்யுங்கள்.

அன்புடன்,
ஜெஸ்டின்


உக்குவளை
30 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு, ஷியாமளா எழுதுவது.

நீங்களும் டயனா மச்சாளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாது. உங்கள் கடைசிக் கடிதத்துக்கு அப்பா இன்னும் பதில் எழுதவில்லை. கோபம் என்று நினைக்காதீர்கள். கோபம் என்றால் அன்றைக்கே எழுதியிருப்பார்.

"அடுத்த வருஷமும்" என்ற இடத்தை அப்பா இரண்டு தரம் வாசித்தார். பிறகு உங்கள் வீட்டுக்குப் படியேறிப் போய், முற்றம் கூட்டி, ரம்புட்டானைப் பறித்து வந்தார். ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை. கூடையோடு நளீம் நானாவிடம் கொடுத்துவிட்டார். முன்னறையில் நீங்கள் உட்காரும் நாற்காலியில் நான் மடித்த துணியை வைத்தாலும் சத்தம் போடுகிறார்.

போன வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது. நளீம் நானா ஜும்ஆத் தொழுகை முடிந்து, வேனில் கிடந்த இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். யானைச் சண்டையை நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"கிறிஸ்தோபர் அண்ணே, ஒங்க டேப்ப கொஞ்சம் காட்டுங்க."

"எதுக்கு?"

"சும்மா பக்கத்துல வச்சுப் பாக்கத்தான்."

இரண்டையும் மேசை விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குனிந்து பார்த்தவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"அண்ணே, ஒங்க டேப்புல ஒன்னு எங்க? எடுத்த எடுப்புல ரெண்டுல்ல வருது!"

"அது தேஞ்சிருக்கும்."

"தேயலண்ணே. கத்தரிக்கோலால நேரா வெட்டியிருக்கு. முதல் இன்ச்சே இல்ல."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது மாமா. நுனியில் இருந்த தகரம் கழன்று நாடா பிய்ந்தபோது அம்மாதான் ஒரு அங்குலத்தை வெட்டி எறிந்தார். அதற்குப் பிறகு யாரை அளந்தாலும், "ஒன்னு கழிச்சுக்கணும், ஒன்னு கழிச்சுக்கணும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். அப்பாவுக்கு அது தெரியாது. நீங்கள் இருவரும் இங்கே ஒரே நாடாவால் அளந்தவரை, இரண்டு படையும் ஒரே அளவு குறைவாக நடந்தன. வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் அங்கே போய் முழு நாடாவால் அளந்த பிறகுதான் யானை மாட்டிக்கொண்டது.

அப்பா அம்மாவின் நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அவ வெட்டியிருந்தா காரணம் இருக்கும்" என்றார். பிறகு, "நளீம், ஒன் இரும்பு டேப்ப கேட்டுக்கு வெளிய வச்சுட்டு வந்து தேத்தண்ணி குடி" என்றார்.

நான் விடவில்லை. "யானை தொட்டுருச்சுன்னு ஒத்துக்கிட்டா, உருட்டுறதுக்கு மாமா இங்க வந்துதானேப்பா ஆகணும்? நீங்களே வச்ச சட்டம்தானே?" என்று கேட்டேன். "அதுக்காக மதலேனா டேப்ப பொய்யாக்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மாமா, நீங்கள் திரும்பி வருவீர்களா, மாட்டீர்களா? இதைத்தான் அப்பா ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறார். வந்தால் உங்கள் மேசையும் எங்கள் மேசையும் ஒன்றாகிவிடும். வராவிட்டால் அதையாவது சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்,
ஷியாமளா


நீர்கொழும்பு
14 ஜூலை 2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே கடல் கொந்தளிப்பு. வள்ளக்காரர் தொழிலுக்குப் போகாததால் என் விறாந்தையில் கூட்டம் அதிகம். நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

யானையைப் பற்றி மறுபடி யோசித்தேன். பிழை என் பக்கம்தான். நீர்கொழும்புக் கடையில் வாங்கிய நாடா. இந்த ஊரில் எல்லாவற்றிலும் கொஞ்சம் தாராளம். ஓர் அங்குலம் கூடுதலாக வைத்து விற்றிருக்கிறார்கள். அந்தக் கூடுதல் அங்குலத்தை வெட்டிவிட்டேன். டயனா அதைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறு வாங்கிக் கொடுத்தாயிற்று. வெட்டிய துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன், நீங்கள் பார்த்துத் திருப்திப்பட. இனி உங்கள் நாடாவும் என் நாடாவும் ஒன்று.

யானையை ஓர் அங்குலம் பின்னுக்கு இழுத்துவிட்டேன். பாலத்தில் இல்லை. உருட்ட வேண்டியதும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உக்குவளை வீட்டை விற்கலாம் என்று டயனா சொல்கிறாள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அந்தப் படிகளை நினைத்தால் அவள் சொல்வதும் நியாயம்தான். அன்றைக்கு உங்கள் வீட்டில் வைத்தே இதைச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் வரவில்லை. அதனால்தான் ஒரே சொல்லோடு எழுந்து போனேன்.

உங்கள் முறை, அத்தான்.

ஜெஸ்டின்


நீர்கொழும்பு
28 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

டயனா எழுதுகிறேன். நீங்களும் ஷியாமளாவும் நல்ல சுகம் என்று அப்பா சொன்னார். நான் உங்கள் எதிரிப் படையைச் சேர்ந்தவள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

அப்பா உங்களிடம் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். ஜனவரியில், சனிக்கிழமை, அப்பா வீட்டுப் படியில் விழுந்துவிட்டார். போன் பண்ணினார். நான் மறுநாள் வருகிறேன், அசையாமல் படுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது. வீங்கின முழங்காலோடு உங்கள் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு யானை விளையாடிக்கொண்டிருந்தார். "அத்தானுக்கிட்ட மூச்சு விடாத. காலு வலிக்குதுன்னு பாவம் பாத்து வழி விட்டுருவாரு. அப்புறம் ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன" என்று வேனில் ஏறும்போது என்னிடம் சத்தியம் வாங்கினார். அன்றைக்கு அவர் நாற்காலியை விட்டு எழாதது அதனால்தான்.

இங்கே வந்த முதல் மாதம் கட்டிலிலிருந்து இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தார். பயிற்சி கொடுக்க வரும் மிஸ் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. பிறகு உங்கள் பார்சல் வந்தது. அந்தப் பக்கம் போய் மலையைப் பார்க்கணும், இந்தப் பக்கம் வந்து யானையை அளக்கணும், குனியணும், நிமிரணும். காலையிலிருந்து இரவு வரை அந்தக் கதவைச் சுற்றியே நடக்கிறார். போன வாரம் மிஸ் வந்து பார்த்துவிட்டு, "நான் சொன்ன பயிற்சிய செய்றாரா?" என்று கேட்டார். "இல்ல மிஸ், போர் செய்றாரு" என்றேன். காலை மடக்கிப் பார்த்துவிட்டு, அதையே தொடரச் சொல்லிவிட்டார். இப்போது ஒரு கைத்தடி போதும்.

படியேறத்தான் முடியாது. அந்த வீட்டில் அவரைத் தனியே விட எனக்குத் தைரியம் இல்லை மாமா. அதற்கு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். என் புது நாடாவை வெட்டிவிட்டு, அந்த அங்குலத்தை உங்களுக்கு அனுப்பினாராமே. ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார். உங்களுக்காவது தெரியுமா?

அன்புடன்,
டயனா


உக்குவளை
11 ஓகஸ்ட் 2024

ஜெஸ்டினுக்கு, பக்கத்தில் இருந்து வாசிக்கப்போகும் டயனாவுக்கும்,

நாங்கள் நல்ல சுகம். உங்கள் இருவர் கடிதங்களும் வந்தன.

முழங்கால் வீங்கியிருந்ததை மறைத்து என் எதிரே உட்கார்ந்தது மூன்றாவது தவறு. இரக்கப்பட்டு வழி விட்டிருப்பேன் என்று நினைத்தது நான்காவது. ஒரு குதிரையைக்கூட விட்டிருக்க மாட்டேன். நாற்காலிக்குக் கீழே ஒரு ஸ்டூல் வைத்திருப்பேன், அவ்வளவுதான்.

நீ அனுப்பிய துண்டு வந்தது. நுனியில் தகரம், பக்கத்தில் ஒன்று என்ற எண். மதலேனாவின் நாடா நுனியில் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்துகிறது. நிறம் மட்டும் வேறு. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். ஷியாமளா பசைப் போத்தலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

நாடாவில் ஒட்டவில்லை. அந்த நாடாவில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் நேற்று ஆற்றங்கரையைப் பார்வையிட்டபோது ஒன்றைக் கவனித்தேன். உன் பக்கத்தில் கரை அரித்திருக்கிறது. பாலத்துக்கு ஏறு பலகை இல்லை. கட்டியவன் நான், பராமரிப்பதும் என் பொறுப்பு. ஆகவே நீ அனுப்பிய அங்குலத்தை, எண் மேலே தெரிய, பாலத்தின் தென்முனையில் பலகையாக ஒட்டினேன். இப்போது முன்யானையின் கால் அதன் மேல் நிற்கிறது. இதில் அளவைப் பற்றிய பேச்சே இல்லை. பாலம் நீண்டது, யானை சேர்ந்தது. நளீம் வந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க வெளியே ஓடினான்.

யானை பாலத்தில் கால் வைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று மார்ச் மாதமே எழுதிவிட்டேன். ஆகவே இனிச் செய்ய வேண்டியவை.

டயனா: இம்மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வேனில் கூட்டி வர வேண்டும். ஹோன் அடிக்கக் கூடாது. படி உள்ள வீட்டை விற்பதோ வாடகைக்கு விடுவதோ உங்கள் இருவர் விருப்பம். ரம்புட்டான் மரத்தை மட்டும் வாங்குகிறவன் வெட்டக் கூடாது என்று எழுதி வாங்க வேண்டும். எங்கள் வீடு ரோட்டோடு இருக்கிறது. ஒரு படியும் இல்லை. போர் முடியும்வரை அவன் இங்கே தங்குவான். போர் எப்போது முடியும் என்று புத்தகத்தில் இல்லை. உனக்கு அப்பாவைப் பார்க்கத் தோன்றினால் வந்து போர்நிறுத்தம் கேட்கலாம், கொடுப்போம்.

ஷியாமளா: முன்னறைக்குப் பக்கத்து அறையில் கட்டிலைப் போட வேண்டும். கேட்பதற்கு முன்பே போட்டுவிட்டாள். இனி, புதிய கியூடெக்ஸ் இரண்டு நிறத்தில் வாங்க வேண்டும். ஒன்று அவளுக்கு.

நளீம்: மீனவர்கள் மூவரையும் அடுத்த கருவாட்டுப் பயணத்தில் ஏற்றி வர வேண்டும். முதலைகளைப் பார்க்காமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. பாலம் தாங்குகிறதா என்பதற்கு நடுவரும் நளீமே. இரும்பு டேப் கேட்டுக்கு வெளியே.

பூனை: வள்ளத்தைத் திருப்பித் தர வேண்டும்.

நான்: அளப்பது என் வேலை. உன் யானைக்கும் நானே அளப்பேன், மதலேனாவின் நாடாவால். நீ உட்கார்ந்திரு. நாற்காலிக்குக் கீழே ஸ்டூல் வைத்தாயிற்று.

நீ: நீண்ட தும்பிக்கை யானையை மறக்காமல் கொண்டு வர வேண்டும். கைத்தடியை ஊன்றி நேரே உள்ளே வர வேண்டும். தேத்தண்ணிக்கும் சுகம் விசாரிப்புக்கும் முன்பு, சட்டைப்பையிலிருந்து என் தாயக்கட்டையை எடுத்து உருட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து உன் முறை.

கிறிஸ்தோபர்